உழைத்த அளவுக்கு

திபடோ, லூசியானா
ஆகஸ்ட் 26, 2024

அன்புள்ள மகன் ஜெரார்டுக்கு,

முதலில் ஒரு திருத்தம். எனக்கு நினைவு தடுமாறவில்லை. நேற்று பூசை முடிந்து வெளியே வரும்போது உன் நெல்டா அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "யூலலி, உனக்கு ஒண்ணும் இல்லையே? பாங்க் கணக்கெல்லாம் குழப்பிட்டியாமே, ஜெரார்ட் சொன்னான். பாவம், தனியா இருந்தா அப்படித்தான் ஆகும்" என்றாள். அவள் குரல் உனக்குத் தெரியும். பீடத்தில் மெழுகுவர்த்தி அணைத்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்டிருக்கும். "நெல்டா, உன் கவுன் ஓரத்துல தையல் விட்டிருக்கு, முதல்ல அதைக் கவனி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் நலம். இரத்த அழுத்தம் சொன்னபடி கேட்கிறது. கண் அறுவைக்குப் பிறகு வலது கண் இடது கண்ணைவிட நன்றாகத் தெரிகிறது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுதும் பிறர் வாய்க்குள் குனிந்து பார்க்கும் தொழில், நிமிர்ந்து உட்காரும் பழக்கத்தைச் சிறுவயதிலேயே நான் சொல்லிக் கொடுத்திருந்தும் நீ கேட்கவில்லை. கிர்ஸ்டனைக் கேட்டதாகச் சொல்.

இந்த மாதத் தொடக்கத்தில் நீ இங்கே வந்திருந்தபோது என் பெயருக்கு வந்த உறையைப் பிரித்துவிட்டாய். அது சரியல்ல. பிரித்ததோடு நில்லாமல் அத்தைமாருக்குச் சொன்னது அதைவிடச் சரியல்ல. வரித்துறை எழுதியிருப்பது இவ்வளவுதான்: ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் ஒருவர் ஓராண்டில் தாம் உழைத்துச் சம்பாதித்த அளவுக்குத்தான் பணம் போடலாம், நான் மூன்று ஆண்டுகள் போட்டிருக்கிறேன், அந்த மூன்று ஆண்டுகளிலும் உழைத்த வருமானம் என்று எதையும் காட்டவில்லை, ஆகவே போட்டது முழுவதும் மிகை, ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு ஆறு அபராதம், திருத்துங்கள், அல்லது விளக்கம் கொடுங்கள். இதில் குழப்பம் எங்கே இருக்கிறது? கேட்டிருக்கிறார்கள், நான் பதில் சொல்வேன்.

இனி இதைப் பற்றித் தொலைபேசியில் பேசமாட்டேன். நீ ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, நான் பேசும்போது பக்கத்தில் கிர்ஸ்டனுக்குக் கண்ணைக் காட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். எழுது.

ஆசியுடன்,
உன் அம்மா,
யூலலி ரோபிஷோ

•

துலூத், மின்னசோட்டா
செப்டம்பர் 9, 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் கிர்ஸ்டனும் நலம். முதுகு பரவாயில்லை. தட்டச்சு செய்து அனுப்புவதற்கு மன்னிக்கவும். என் கையெழுத்தை நீங்கள் ஒருபோதும் விரும்பியதில்லை.

நெல்டா அத்தையிடம் நான் சொன்னது கவலையால்தான். ஆனால் நீங்கள் கேட்டதால் எழுதிவிடுகிறேன், நான் பார்த்தது என்ன என்று. உங்கள் விரல் நுனிகளெல்லாம் குத்துக்காயம். என்ன ஆயிற்று என்றால் ரோஜாச் செடி என்றீர்கள். அந்தச் செடி பட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. சாப்பாட்டு அறையைப் பூட்டிவைத்திருந்தீர்கள். சாவித் துவாரம் வழியாகக் கிர்ஸ்டன் பார்த்தாள் (நான் பார்க்கவில்லை): மேஜை முழுவதும் படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது. காபிக்குச் சர்க்கரை எடுக்கப்போனேன். ஜாடிக்குள் கண்ணாடி மணிகள் இருந்தன. கேட்டேன். "அதைத் தொடாதே" என்றீர்கள். ஏன் என்று சொல்லவில்லை.

இதற்கு மேல் இந்தப் பணம். அப்பா உங்களுக்குப் போதுமானது விட்டுப்போயிருக்கிறார். எழுபத்தொரு வயதில் ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போட யாருக்குத் தோன்றும்? எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதும் நீங்கள் பேச்சை மாற்றினீர்கள்.

என் யோசனை: எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். அபராதத்தை நான் கட்டுகிறேன். வயதாகிவிட்டது, தெளிவில்லாமல் செய்துவிட்டார் என்று ஒரு மருத்துவர் எழுதித் தந்தால் வரித்துறை இரக்கம் காட்டலாம். அதோடு உங்கள் கணக்குவழக்குகளை நான் பார்த்துக்கொள்ள அதிகாரம் தரும் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டால் நல்லது. எங்கள் வீட்டுக்கு அருகே ஏரியைப் பார்த்த மாதிரி முதியோர் குடியிருப்பு ஒன்று கட்டியிருக்கிறார்கள். சும்மா பார்த்துவைத்தோம்.

அன்புடன்,
ஜெரார்ட்

•

திபடோ
செப்டம்பர் 20, 2024

அன்புள்ள ஜெரார்ட்,

புயல் நம் பக்கம் வந்து போனது, செய்தியில் பார்த்திருப்பாய். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் மூன்றாம் நாள் வந்தது. நான் நலம். சாவித் துவாரம் வழியாகப் பார்த்ததில் கிர்ஸ்டனின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ரோஜாச் செடியைப் பற்றி நீ எழுதியது சரி. அது பட்டுப்போயிற்று. விரல் காயத்துக்கு அது காரணமில்லை. நான் உன்னிடம் சொன்னது பொய். பொய் சொல்வதும் நினைவு தடுமாறுவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் பாவசங்கீர்த்தனத்தில் வேறுவேறு இடம். உண்மைக் காரணத்தை இப்போது எழுத முடியாது. ஒரு வாக்கு தடுக்கிறது.

பணம் என்னுடையது. யாரும் கொடுத்ததில்லை. எவனும் என்னை ஏமாற்றவுமில்லை.

வரித்துறையின் விளக்கப் புத்தகத்தை நூலகத்தில் அச்செடுத்து வாங்கிவந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு வகுப்பில் மதர் அல்ஃபோன்ஸ் எங்களுக்குச் சொன்ன முறை: கேள்வியை முடிவுவரை படிக்காமல் பேனாவைத் தொடக் கூடாது. நீ முதல் வரியைப் படித்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுகிறாய். "மிகை" என்று அவர்கள் சொன்னதாலேயே அது மிகை ஆகிவிடாது. நான் முடிவுவரை படித்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை ஒரு காசும் வெளியே எடுக்கப்போவதில்லை.

தெளிவில்லாமல் செய்தேன் என்று எந்தத் தாளிலும் எழுதமாட்டேன். பிறர் எழுதவும் விடமாட்டேன். ஒருமுறை அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால், இனி இந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கக்கூட என் கையெழுத்து செல்லாது. அது உனக்கும் தெரியும். ஏரி அழகாகவே இருக்கட்டும்.

ஆசியுடன்,
யூலலி ரோபிஷோ

•

துலூத்
அக்டோபர் 14, 2024

அன்புள்ள அம்மா,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. எல்லாரும் நலம்.

நீங்கள் சொன்ன "வாக்கு" என்னை இன்னும் பயமுறுத்துகிறது. தனியாக இருக்கும் வயதானவர்களிடம் "யாரிடமும் சொல்லாதே" என்று வாக்கு வாங்குபவர்கள் யார் என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். என் வரவேற்பறைப் பெண்ணின் பாட்டி அப்படித்தான் வீட்டையே இழந்தாள்.

பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் வருகிறேன். நகரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் புதன்கிழமை காலை நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்திடாவிட்டால் நீதிமன்றம் மூலமாகவும் ஒரு வழி உண்டு என்கிறார். அந்த வழியில் போக எனக்கு விருப்பமில்லை அம்மா. தயவுசெய்து என்னை அங்கே தள்ளாதீர்கள்.

அன்புடன்,
ஜெரார்ட்

•

திபடோ
நவம்பர் 4, 2024

அன்புள்ள வெர்லி பீட்ர அவர்களுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். நீலப் பட்டு மேலங்கியின் இடது ஓரம் முடிந்தது. வலது ஓரத்துக்கு வெள்ளி மணி போதாது. நீங்கள் எண்ணி அனுப்பியதில் குறைவு.

உங்களிடம் ஒரு அனுமதி கேட்க எழுதுகிறேன். நேரில் வந்து கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் கடையில் எப்போதும் இருவர் நிற்கிறார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வாக்கு கொடுத்தேன். சங்கம் தேர்ந்தெடுத்த கார்னிவல் விழா ராணி யார் என்பது நடன விருந்தன்று திரை விலகும்வரை சங்கத்தாரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது; ஆகவே யாருக்குத் தைக்கிறோம், எங்கே தைக்கிறோம், எதுவும் வாய்திறக்கக் கூடாது என்றீர்கள். நான் அந்த வாக்கை முழுமையாகக் காத்தேன். அதனால்தான் நீங்கள் கொடுத்த கூலியை வரிக் கணக்கிலும் எழுதவில்லை. எழுதினால், யாரிடம் வாங்கினீர்கள், எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்பார்களே என்று நினைத்தேன்.

இப்போது அந்தக் கூலிதான் கேள்வியாகியிருக்கிறது. நான் உழைக்காமல் ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போட்டதாக வரித்துறை சொல்கிறது. என் மகன் என்னைத் தெளிவில்லாதவள் என்று நிரூபிக்க வழக்கறிஞரோடு வருகிறான். விளக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டேன். பிறருக்குக் கூலிக்குத் தைப்பது சொந்தத் தொழில். அதன் வருமானம் உழைத்த வருமானம். அதைக் காட்டி வரியைக் கட்டிவிட்டால் பெரும்பகுதி மிகையே அல்ல.

ஆனால் கொடுத்த வாக்கு வாக்குதான். நீங்கள் விடுவித்தால் மட்டுமே எழுதுவேன்.

மரியாதையுடன்,
யூலலி ரோபிஷோ

•

ஹோமா
நவம்பர் 8, 2024

மதிப்புக்குரிய ரோபிஷோ மேடத்துக்கு,

நான் நல்லா இருக்கேன், மூட்டு மட்டும் என்கூட சண்டை. எனக்கு உங்க மாதிரி எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

உங்க கடுதாசியைப் படிச்சிட்டு கடை நடுவுல உக்காந்து சிரிச்சேன். அப்புறம் பாவமா போச்சு. மேடம், யாருக்கு தைச்சோம்னு யாரு கேட்டா? எவ்வளவு வாங்கினோம்னுதானே கேக்கறாங்க! வரித்துறைக்காரனுக்கு எந்த ராணியா இருந்தா என்ன? நான் பதினஞ்சு வருஷமா வரி கட்டறேன். உங்களுக்குக் கொடுத்ததைக்கூட முறையா காட்டணும்னுதான் முதல் வருஷமே உங்க வரி நம்பரைக் கேட்டேன். நீங்கதான் மூக்கை நிமிர்த்திக்கிட்டு, "என் பேரை எங்கயும் எழுதாதீங்க வெர்லி"ன்னீங்க. நானும் பெரிய வீட்டம்மா, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். தப்பு எனக்கும் உண்டு. என் பங்கை நான் சரிபண்ணிக்கறேன். கொடுத்த பணத்துக்கெல்லாம் சீட்டு எழுதி இதோட வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு. ராணி மேடை ஏறின மறு நிமிஷம் ரகசியம் முடிஞ்சுபோச்சு. போன வருஷத்தைப் பத்தி, அதுக்கு முந்தின வருஷத்தைப் பத்தி நீங்க ஊர் முழுக்கத் தமுக்கடிச்சாலும் நான் கேக்கமாட்டேன். அதனால நேராவே கேக்கறேன் மேடம். இத்தனை நாளா நீங்க காப்பாத்தினது என் ரகசியமா, உங்க ரகசியமா?

நீங்க ராணியா இருந்த வருஷம் உங்க மேலங்கியைத் தைச்சது எங்க அம்மா. அம்மா அதுக்காக ஒருநாளும் வெக்கப்பட்டதில்ல.

வெள்ளி மணி அனுப்பியிருக்கேன். இந்தத் தடவை நீங்களே எண்ணிக்கோங்க.

வெர்லி

•

திபடோ
நவம்பர் 18, 2024

அன்புள்ள ஜெரார்ட்,

நான் நலம். நம் வீட்டு சட்சுமா மரம் இந்த ஆண்டு ஏராளமாகக் காய்த்திருக்கிறது. ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழம் தனி அஞ்சலில் வருகிறது. குளிரில் வைக்காதே, தோல் கெட்டுவிடும்.

புதன்கிழமை வழக்கறிஞர் வேண்டாம். அவருக்கு நீயே தகவல் சொல்லிவிடு. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உன் அப்பா இறந்த அடுத்த ஆண்டிலிருந்து நான் கூலிக்குத் தைக்கிறேன். ஹோமாவில் வெர்லி பீட்ர கடைக்கு. கார்னிவல் நடன விருந்தில் ராணியின் தோளிலிருந்து பின்னால் தரையில் இழுபட்டு வரும் மேலங்கி இருக்கிறதல்லவா, அதில் மணியும் கல்லும் கோப்பது என் வேலை. விரல் காயம் ஊசி. பூட்டிய அறையில் போர்த்தியிருந்தது அதற்குரிய பட்டு. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும், வெளியார் கண் பட்டால் ரகசியம் போகும். சர்க்கரை ஜாடியில் மணி இருந்தது, நீங்கள் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் முன்னதாக வந்து இறங்கியதால். கையில் கிடைத்த பாத்திரத்தில் கொட்டினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீயும் கிர்ஸ்டனும் நடன விருந்துக்கு வந்தீர்கள். மாடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். பச்சை மேலங்கி கீழே கடந்து போயிற்று, நாரைகள் வரிசையாகப் பறப்பது போல வேலைப்பாடு. கிர்ஸ்டன் என் கையைப் பிடித்து, "ஐயோ அத்தை, இதை ஒரு மனுஷி கையால செஞ்சிருக்க முடியுமா? யாரா இருக்கும்?" என்று கேட்டாள். "யாரோ கூலிக்குத் தைக்கிறவங்க" என்று சொன்னேன். நாரைகள் அனைத்தும் என்னுடையவை.

வாக்குக்குக் கட்டுப்பட்டுத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வெர்லி அதைத் திருத்திவிட்டாள். க்ளோவிஸ் ரோபிஷோவின் மனைவி கூலி வாங்குகிறாள் என்று ஊர் அறியக் கூடாது என்பதுதான் காரணம். இதை இரண்டாம் முறை எழுதமாட்டேன்.

இப்போது கணக்கு. முதல் இரண்டு ஆண்டுகளில் நான் போட்டது சம்பாதித்ததற்குள் அடங்குகிறது. வருமானத்தைக் காட்டித் திருத்திய கணக்குகளை அனுப்பி, விட்டுப்போன வரியையும் வட்டியையும் கட்டுகிறேன். மூன்றாம் ஆண்டு கண் அறுவையால் பாதி நாள் ஊசி தொடவில்லை. ஆனாலும் வழக்கமான தொகையையே போட்டேன். குறைத்து எழுதக் கை வரவில்லை. சேமிப்பிலிருந்து எடுத்து நிரப்பினேன். அது மட்டும் மிகை. அதைத் தண்டம் இல்லாமல் திரும்பப் பெறும் கெடு அக்டோபரோடு போயிற்று. ஆகவே அந்த ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு கட்டவேண்டும். டிசம்பர் முடிவதற்குள் மிகையை வெளியே எடுத்துவிட்டால் இந்த ஆண்டுக்கும் அதே தண்டம் விழாது. எடுத்துவிடுவேன்.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்று வரித்துறைக்கு எழுதுகிறேன். அது உண்மை. தெளிவில்லாமல் செய்தேன் என்பது உண்மையல்ல.

தேங்க்ஸ்கிவிங்கிற்கு நீ வந்தால் வான்கோழி உண்டு. வழக்கறிஞர் வந்தால் இல்லை.

ஆசியுடன்,
யூலலி ரோபிஷோ

•

திபடோ
டிசம்பர் 13, 2024

அன்புள்ள ஜெரார்ட்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ வரவும் இல்லை. கிர்ஸ்டன் தொலைபேசியில், "அவருக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க அத்தை" என்று மட்டும் சொன்னாள். நேரம் கொடுக்கிறேன். உடல் நலம்தானே? பழங்கள் வந்து சேர்ந்தனவா என்றாவது தெரிவித்திருக்கலாம்.

வான்கோழியை நானும் வெர்லியும் சாப்பிட்டோம். முதல் முறையாக என் வீட்டு மேஜையில் உட்கார்ந்தாள். "மேடம், இந்த மேஜையில சாப்பாடுகூட வெப்பீங்களா!" என்று கேட்டாள். அவளைப் பெயர் சொல்லி அழைக்கும்படி சொன்னேன்; என்னையும் அப்படியே. அவளால் முடியவில்லை. நாளாகும்.

நேற்று வங்கிக்குப் போனேன். நீ அறியவேண்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

கவுண்டரில் இருந்த பெண் என் தாளைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, "பாட்டி, கூட யாராச்சும் வந்திருக்காங்களா? பையன், பொண்ணு?" என்று கேட்டாள்.

"எனக்குக் காது நல்லா கேக்குதும்மா. பையன் மின்னசோட்டாவுல பல்லு புடுங்கிட்டிருக்கான். பணத்தை எடுக்க நான் போதாதா?"

"இல்ல பாட்டி, இவ்வளவு பெரிய தொகை... யாராவது எடுக்கச் சொன்னாங்களா?"

"ஆமா."

அவள் முகம் மாறிற்று. மேலாளரைப் பார்த்துக் கையசைத்தாள்.

"யாரு பாட்டி சொன்னது?"

"வரித்துறை" என்று புத்தகத்தை விரித்துக் காட்டினேன்.

அதன் பிறகு மரியாதையாகப் பேசினாள். ஆனால் சாதாரணமாகப் பணம் எடுப்பதற்குரிய கட்டத்தில் குறியிட்டுவிட்டாள். கெடு கடந்தபின் மிகையை நீக்குவதற்குத் தனிக் கட்டம் அதே தாளில் மூன்று வரி கீழே இருக்கிறது. புதுத் தாள் கேட்டு வாங்கி, மறுபடி நிரப்பச் சொன்னேன். வரிசையில் பின்னால் நின்ற மீன்காரர், "சீக்கிரம் ஆகட்டும் தாயி, எறால் உருகுது" என்றார். "எறால் உருகினா வேற எறால் புடிக்கலாம், இதை வருஷம் முழுக்கத் திருத்தணும்" என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

திருத்திய கணக்குகளும் காசோலையும் ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் போயின. எல்லாவற்றிலும் என் கையெழுத்து. ஒரே கையெழுத்து, தொடக்கம் முதல் முடிவுவரை நடுங்காதது. வேண்டுமானால் உன் வழக்கறிஞர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும்.

கிறிஸ்து பிறப்பு விழா உனக்கும் கிர்ஸ்டனுக்கும் நலமாக அமையட்டும்.

உன் அம்மா,
யூலலி ரோபிஷோ

•

துலூத்
ஜனவரி 9, 2025

அன்புள்ள அம்மா,

கையால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

பழம் வந்தது. தினமும் இரண்டு சாப்பிட்டோம். கிர்ஸ்டன் உன் நவம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு, நாரை என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்து, "நீ இந்தப் பொம்பளையவா டாக்டர்கிட்ட காட்டணும்னே?" என்று கேட்டாள்.

நான் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. அப்பா விட்டுப்போனது இருக்கும்போது நீ ஏன் கூலிக்குத் தைக்கவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. நீ சொல்லமாட்டாய் என்று தெரியும். ஆகவே சர்க்கரை ஆலையின் ஓய்வூதிய அலுவலகத்துக்கு, இறந்தவரின் மகன் என்று சொல்லிப் பேசினேன். அப்பாவின் ஓய்வூதியம் அவரோடு நின்றுவிட்டது என்றார்கள். மாதாமாதம் குறைவாக வாங்கிக்கொண்டால் மனைவிக்கும் ஆயுள்வரை வரும்; கூடுதலாக வாங்கினால் அவரோடு முடியும். அவர் கூடுதலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், மனைவி சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார் என்றார்கள். எந்த ஆண்டு என்று கேட்டேன். 2003.

அம்மா, 2003-ல் நான் பல்மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒருமுறைகூடக் கட்டணம் தாமதமாகவில்லை.

இத்துடன் ஒரு காசோலை வைத்திருக்கிறேன். இனி மாதாமாதம் அனுப்புவேன். தயவுசெய்து ஊசியைக் கீழே வை. வழக்கறிஞரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நெல்டா அத்தைக்கு என்ன சொல்வது என்று நீயே சொல்.

உன்
ஜெரார்ட்

•

திபடோ
ஜனவரி 20, 2025

அன்புள்ள ஜெரார்ட்,

நான் நலம். நீயும் கிர்ஸ்டனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கையெழுத்து இன்னும் மோசம்தான். ஆனாலும் ஒரு சொல் விடாமல் படித்தேன்.

காசோலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழிக்கவில்லை, கிழிப்பது நாடகம். அதிகாரப் பத்திரமும் இத்துடன் வருகிறது, நீ அனுப்பியபடியே, வெறுமையாக.

உன் அப்பாவைப் பற்றியும் 2003-ஐப் பற்றியும் நீ எழுதிய பத்தியைப் படித்து மடித்துவைத்துவிட்டேன். ஆண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் வேலையை விட்டுவிடு. நாங்கள் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டோம். நான் படிக்காமல் எதிலும் கையெழுத்திடுவதில்லை. உன் அப்பாவின் கல்லறைக்குப் போகும்போது அவரிடம் பழையபடியே பேசு.

ஊசியைக் கீழே வைக்கமாட்டேன். சென்ற ஆண்டுக்கும் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டேன். சம்பாதித்த அளவுக்கு, ஒரு டாலர் கூடாமல், ஒரு டாலர் குறையாமல். படிவத்தில் தொழில் என்று கேட்ட இடத்தில் "தையல்" என்று எழுதினேன். எழுதுவதற்குமுன் பேனாவைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

நெல்டாவிடம் நானே சொல்லிவிட்டேன். சென்ற ஞாயிறு, பூசை முடிந்து, அவள் நிற்கும் அதே படியில். "நெல்டா, ரெண்டு வருஷம் முன்னாடி அந்தப் பச்சை மேலங்கியைப் பாத்துட்டு பாரிஸ்லேருந்து வந்ததுன்னு எல்லார்கிட்டயும் சொன்னியே. அது என் சாப்பாட்டு மேஜையிலேருந்து வந்தது" என்றேன். அவள் குனிந்து தன் கவுன் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்போ என் கவுன் ஓரத்தைத் தைச்சுத் தருவியா?" என்று கேட்டாள். "தைப்பேன். கூலி உண்டு" என்றேன்.

வரித்துறையிடமிருந்து ஒப்புகை அட்டை வந்துவிட்டது. முடிவு வரப் பல மாதம் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும். எழுதிக் கேட்டதற்கு எழுதிப் பதில் சொல்வார்கள்.

நடன விருந்து பிப்ரவரி 22, சனிக்கிழமை இரவு. மாடத்தில் முன்வரிசையில் என் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். நீ கறுப்புக் கோட்டு போடவேண்டும். கிர்ஸ்டனுக்குத் தரைவரை நீளமான கவுன். இந்த ஆண்டு ராணி யார், மேலங்கி என்ன நிறம், எது என் கை என்று எதுவும் கேட்கக் கூடாது. திரை விலகிய பிறகு கேட்கலாம். கேட்டால் சொல்வேன், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும்.

பிப்ரவரி எட்டுக்குள் சீட்டு வாங்கிவிடவேண்டும். இருவரும் வருகிறீர்களா, இல்லையா என்பதை எழுத்தில் தெரிவி.

உன் அம்மா,
யூலலி ரோபிஷோ